தோல் சொல்வதும் மூக்கு சொல்வதும்: ஒவ்வாமை மூக்கழற்சியைக் கண்டறிதல்

காலையில் கண் விழித்ததும் அடுக்கடுக்காகத் தும்மல். குளிரூட்டப்பட்ட விரிவுரை மண்டபத்தில் நுழைந்ததும் மூக்கில் நீர். இரவில் மூக்கு அடைத்துக்கொள்ள, வாயைத் திறந்தபடி அரைத் தூக்கம். நம் வீடுகளில் இதற்குச் 'சைனஸ்' என்று பெயர். மலாய் நண்பர்கள் 'ரெஸ்டுங்' என்பார்கள். சித்த மருத்துவத்தில் 'பீனிசம்' என்ற சொல் உண்டு. பெயர்கள் பலவானாலும், இப்படி அவதிப்படுவோரில் பலருக்கு உண்மையில் இருப்பது ஒவ்வாமை மூக்கழற்சி. சைனஸ் என்பது முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறை. அது ஒரு நோயின் பெயரே அன்று.

"தும்மல்தானே, இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கலாம். 2007ஆம் ஆண்டு பிரிட்டனில் 1,800க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். மாதிரித் தேர்வில் பெற்ற நிலையை இறுதித் தேர்வில் இழந்தவர்கள் யார் என்று அந்த ஆய்வு பார்த்தது. தேர்வுக் காலத்தில் மகரந்த ஒவ்வாமையால் அவதிப்பட்டவர்கள் ஒரு படி இறங்குவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 40 விழுக்காடு அதிகமாக இருந்தது. தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு அது 70 விழுக்காடு அதிகம். மூக்கைக் கவனிக்காமல் விடுவதும் கேடு, தவறான மருந்தால் கவனிப்பதும் கேடு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆகவே நோயைச் சரியாகக் கண்டறிவது முதற்கடன். நோய் இன்னது, அதன் மூலம் இன்னது, அதைத் தணிக்கும் வழி இன்னது என்ற வரிசையில் ஆராயும்படி திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் கூறுகிறது. இந்த வரிசையின் இரண்டாம் படியில்தான், அதாவது மூலத்தைக் கண்டறிவதில்தான், ஒவ்வாமை மூக்கழற்சி மருத்துவர்களைத் திணற வைக்கிறது. காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பணியாற்றும் முன்னாள் மாணவன் என்ற முறையில், அந்தப் படியில் உதவும் 'மூக்குத் தூண்டல் சோதனை' பற்றி இக்கட்டுரையில் விளக்க விழைகிறேன்.

மூக்குக்குள் நடப்பது என்ன?

'ஒவ்வாமை' என்று நாம் மொழிபெயர்த்துள்ள சொல்லை 1906ஆம் ஆண்டு உருவாக்கியவர் ஆஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. உடலுக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளை உடல் பகையாகக் கருதிப் போரிடுவதே ஒவ்வாமை. அப்பொருளை 'ஒவ்வாப்பொருள்' எனலாம். நம் நாடுகளில் முதன்மையான ஒவ்வாப்பொருள் வீட்டுத் தூசியில் வாழும் தூசி உண்ணியிடமிருந்து வருகிறது. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த எட்டுக்கால் உயிரி, நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கிறது. அதன் கழிவிலுள்ள புரதங்களே நம் மூக்கின் பகைவர்கள்.

தூசி உண்ணிக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பை 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் நிறுவினர். ஐரோப்பாவில் காணப்படும் இனங்களோடு 'புளோமியா டிராபிக்காலிஸ்' என்ற வெப்பமண்டல இனமும் மலேசியா, சிங்கப்பூர் வீடுகளில் ஏராளம். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் நம் மண்ணில் இவற்றுக்கு ஆண்டு முழுவதும் அறுவடைக் காலம்தான்.

தூசி உண்ணியின் புரதத்தை முதன்முறை சந்திக்கும் உடல், சிலரிடத்தில், அதற்கென்றே ஒரு எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. இதன் பெயர் இம்யூனோகுளோபுலின் ஈ, சுருக்கமாக ஐஜிஈ. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இஷிசாக்கா தம்பதியரும் சுவீடனில் யோஹான்சன், பென்னிக் ஆகிய இருவரும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். இந்த எதிர்ப்பொருள் மூக்குச் சவ்விலுள்ள மாஸ்ட் உயிரணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மறுமுறை வந்ததும் மாஸ்ட் உயிரணு வெடித்தாற்போல் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகிறது. ஹிஸ்டமின் நரம்பைத் தீண்டினால் அரிப்பும் தும்மலும். சுரப்பிகள் தூண்டப்பட்டால் மூக்கில் நீர். இரத்தக் குழாய்கள் விரிந்து சவ்வு வீங்கினால் மூக்கடைப்பு. இவை சில நிமிடங்களில் நடப்பவை. சில மணி நேரம் கழித்து இயோசினோபில் எனும் வெள்ளையணுக்கள் வந்து சேர, இரண்டாம் அலையாக மூக்கடைப்பு மீண்டும் தலைதூக்குவதும் உண்டு.

இங்கே இரண்டு நிலைகளை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பொருளுக்கு எதிராக உடல் ஐஜிஈ தயாரித்து வைத்திருப்பதை 'உணர்வேற்றம்' என்போம். அப்பொருளைச் சந்திக்கும்போது உண்மையிலேயே தொல்லை வருவதுதான் 'ஒவ்வாமை'. ஒவ்வாமை மூக்கழற்சியில் உணர்வேற்றம் உண்டு; ஆனால் உணர்வேற்றம் உள்ள எல்லாருக்கும் ஒவ்வாமை இருப்பதில்லை. துப்பாக்கியில் குண்டு இருப்பது வேறு, அது சுடப்படுவது வேறு. இந்த வேறுபாடே இக்கட்டுரையின் அச்சாணி.

தோலும் இரத்தமும் தரும் சாட்சியம்

ஒவ்வாமை ஐயம் எழுந்தால் மருத்துவர் முதலில் கேட்பது நோயாளியின் கதையை. எப்போது தும்மல், எங்கே தும்மல், எத்தனை நாள், வீட்டில் பூனை உண்டா, குடும்பத்தில் ஆஸ்துமா உண்டா என்பன போன்ற கேள்விகள். 2001இல் வெளியான 'ஆரியா' என்ற பன்னாட்டு வழிகாட்டி, வாரத்தில் நான்கு நாள்களுக்கு மேலாகவும் தொடர்ந்து நான்கு வாரங்களுக்கு மேலாகவும் இருந்தால் அதை 'நீடித்த' வகை என்றும், அதற்குக் குறைந்தால் 'இடைவிட்ட' வகை என்றும் பிரித்தது. தூக்கம், படிப்பு, வேலை பாதிக்கப்பட்டால் நோய் இலேசான நிலையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

அடுத்து வருவது தோல் குத்தல் சோதனை. முன்னங்கையில் பல ஒவ்வாப்பொருள் கரைசல்களைத் துளித்துளியாக வைத்து, ஒவ்வொரு துளியின் வழியாகவும் நுண்ணிய ஊசிமுனையால் மேல்தோலை இலேசாகக் குத்துவார்கள். இரத்தம் வராது, பெரிதாக வலியும் இராது. ஒப்பீட்டுக்காக ஒரு துளி ஹிஸ்டமினும் ஒரு துளி உப்பு நீரும் வைக்கப்படும். 15 நிமிடம் கழித்துப் பார்த்தால், ஒவ்வாத பொருள் இருக்கும் இடத்தில் கொசு கடித்தாற்போல் தடிப்பு எழும்பியிருக்கும். உப்பு நீர் இடத்தைவிடக் குறைந்தது 3 மில்லிமீட்டர் பெரிய தடிப்பு என்றால் முடிவு நேர்மறை.

மூன்றாவது இரத்தச் சோதனை. குறிப்பிட்ட ஒவ்வாப்பொருளுக்கான ஐஜிஈ இரத்தத்தில் எவ்வளவு என்று அளப்பார்கள். ஒவ்வாமை மாத்திரை சாப்பிடுபவருக்கும், தோல் நோய் உள்ளவருக்கும் இதைச் செய்யலாம் என்பது இதன் வசதி.

இரண்டும் நல்ல சோதனைகளே. பெரும்பாலோருக்கு நோய்க்கதையும் இவற்றில் ஒன்றும் போதும். ஆனால் இவை காட்டுவது உணர்வேற்றத்தை மட்டுமே. கையின் தோல் தடித்தது என்பதற்காக மூக்கின் தும்மலுக்கும் அதே பொருள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. இரத்தத்தில் இல்லை என்பதற்காக மூக்கிலும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

ஐரோப்பாவில் இந்த இடைவெளியை நோய்க்கதை ஓரளவு நிரப்புகிறது. அங்கே ஒரு மரம் இளவேனிலில் பூக்கும், புல் கோடையில் பூக்கும். ஒருவர் எந்த மாதத்தில் தும்முகிறார் என்று தெரிந்தாலே குற்றவாளி பாதி பிடிபட்டுவிடுவான். நம் நாட்டிலோ பருவம் என்று சொல்ல மழையும் மழையில்லாமையும்தான். தூசி உண்ணி, கரப்பான் பூச்சி, பூஞ்சை வித்துகள், செம்பனை மகரந்தம் என எல்லாமே ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கையில் குத்தினால் மூன்று நான்கு இடங்களில் தடிப்பு எழும்பும். இவற்றுள் மூக்கைத் தொல்லைப்படுத்துவது எது? இக்கேள்விக்கு நேரடியாக விடை கூறக்கூடியது மூக்கு மட்டுமே.

மான்செஸ்டர் மருத்துவரின் மூக்கு

மூக்கையே கேட்பது என்ற எண்ணம் புதியதன்று. சார்ல்ஸ் பிளாக்லி என்ற மான்செஸ்டர் மருத்துவர் ஒவ்வோர் ஆண்டும் கோடைக்காலச் சளியால் அல்லல்பட்டவர். அக்காலத்தில் வெயில், வெப்பம், வைக்கோல் மணம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிளாக்லி அவற்றை ஒவ்வொன்றாகத் தம் உடலிலேயே சோதித்தார். புல்லின் மகரந்தத்தை மூக்கில் இட்டுப் பார்த்தார்; தும்மலும் நீரும் அடைப்பும் வந்தன. தோலைச் சற்றுக் கீறி அங்கே மகரந்தத்தை வைத்துப் பார்த்தார், தடிப்பு எழுந்தது. காற்றாடி பறக்கவிட்டு உயரத்தில் மிதக்கும் மகரந்தத்தையும் பிடித்து எண்ணினார். இவற்றையெல்லாம் 1873இல் நூலாக வெளியிட்டார். தோல் சோதனைக்கும் மூக்குத் தூண்டல் சோதனைக்கும் தோற்றுவாய் அந்த ஒரே மனிதரின் உழைப்புதான்.

பின்னர் தோல் சோதனை உலகெங்கும் பரவியது. எளிது, விரைவு, மலிவு. மூக்குச் சோதனை ஆய்வுக்கூடத்துக்குள் முடங்கியது. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாகச் செய்ததால், ஒருவர் முடிவை மற்றவர் முடிவோடு ஒப்பிடவும் இயலவில்லை. 2018ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் இதற்கென ஒரு பொது நடைமுறையை வெளியிட்டது. இன்று பல மையங்கள் அதைப் பின்பற்றுகின்றன.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

எளிமையாகச் சொன்னால், ஐயத்துக்குரிய ஒவ்வாப்பொருளை அளவோடு மூக்கில் தெளித்து, மூக்கு எவ்வாறு எதிர்வினை ஆற்றுகிறது என்று அளப்பதே இச்சோதனை. படிப்படியாகக் காண்போம்.

1. முன்னேற்பாடு. ஒவ்வாமை மாத்திரைகளையும் மூக்குத் தெளிப்பு மருந்துகளையும் மருத்துவர் குறிப்பிடும் நாள்கள் வரை நிறுத்த வேண்டும். சளி, காய்ச்சல் கண்டிருந்தால் குணமாகிச் சில வாரங்கள் கழித்தே சோதனை. வெளியிலிருந்து வந்தவுடன் தொடங்க மாட்டார்கள்; சீரான வெப்பநிலையுள்ள அறையில் 20 முதல் 30 நிமிடம் அமர்ந்து மூக்கு நிதானத்துக்கு வர வேண்டும்.

2. தொடக்க அளவு. தும்மல், அரிப்பு, நீரொழுக்கு, அடைப்பு ஆகிய நான்கு அறிகுறிகளுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடப்படும், மொத்தம் 12. இது நோயாளி உணர்வது. உணர்வதை மட்டும் நம்பாமல் கருவியாலும் அளப்பார்கள். மிக எளிய கருவி, முகமூடியோடு இணைந்த ஒரு குழல். வாயை மூடிக்கொண்டு மூக்கால் வேகமாக மூச்சை இழுக்க, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் காற்று நுழைகிறது என்று அது காட்டும். அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் ஒருங்கே அளக்கும் கருவியும், ஒலி அலையை மூக்குக்குள் அனுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு உட்பாதையின் அகலத்தைக் கணிக்கும் கருவியும் பெரிய மையங்களில் உள்ளன.

3. வெறுந்தெளிப்பு. முதலில் ஒவ்வாப்பொருள் ஏதும் இல்லாத உப்பு நீரைத் தெளிப்பார்கள். அதற்கே ஒருவர் தும்மித் தீர்த்தால், அவர் மூக்கு எதைக் கண்டாலும் சீறும் நிலையில் இருக்கிறது என்று பொருள். அன்று சோதனை நிறுத்தப்படும். இந்தப் படி இல்லாத தூண்டல் சோதனையை நம்பலாகாது.

4. தூண்டல். ஒவ்வாப்பொருள் கரைசல் இரு நாசித் துளைகளிலும் தெளிக்கப்படும். தெளிக்கும் கணத்தில் மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். பிறகு மூக்கு வழியாக மூச்சை வெளியே விட வேண்டும். கரைசல் நுரையீரலுக்குள் போய் ஆஸ்துமாவைக் கிளறிவிடக் கூடாதென்பதே காரணம். கடுமையான எதிர்வினை வரலாம் என்ற அச்சம் இருந்தால் மிக நீர்த்த கரைசலில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள்.

5. மறு அளவு. 10 முதல் 20 நிமிடத்துக்குள் மதிப்பெண்ணும் கருவி அளவும் மீண்டும் எடுக்கப்படும். அதன் பின்னும் நோயாளியைக் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. கற்பனையாக ஒரு மாணவியைக் கொள்வோம். உப்பு நீருக்குப் பிறகு அவருடைய அறிகுறி மதிப்பெண் 2. காற்று வேகம் நிமிடத்துக்கு 114 லிட்டர். தூசி உண்ணிக் கரைசலுக்குப் பிறகு மதிப்பெண் 8. காற்று வேகம் 66 லிட்டர். மதிப்பெண் 6 கூடியிருக்கிறது. காற்றோட்டம் ஏறத்தாழ 42 விழுக்காடு குறைந்திருக்கிறது. 2018 நடைமுறையின்படி, மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் கூடினால், அல்லது இந்தக் காற்று வேகம் 40 விழுக்காடு குறைந்தால், தெளிவான நேர்மறை. மதிப்பெண் 3 கூடி, காற்று வேகமும் 20 விழுக்காடு குறைந்தால், இரண்டும் சேர்ந்து நேர்மறையாகக் கொள்ளப்படும். எனவே இம்மாணவிக்குத் தூசி உண்ணி ஒவ்வாமை உறுதி.

இரு பக்கமும் ஏன் அளக்கிறார்கள் என்று கேட்கலாம். நம் மூக்கின் இரு துளைகளும் எந்நேரமும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கச் சவ்வு வீங்கி மறுபக்கம் சுருங்கும். நம் சித்தர்கள் இடகலை, பிங்கலை என்று மூச்சு மாறி ஓடுவதைக் கவனித்தே சர நூல்களை எழுதினார்கள். ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால், இந்த இயற்கையான மாற்றத்தையே ஒவ்வாமை என்று தவறாகக் கணித்துவிடக்கூடும்.

யாருக்கு இச்சோதனை தேவை?

எல்லாருக்கும் இது தேவையில்லை. தும்முகிற ஒவ்வொருவரையும் இச்சோதனைக்கு அனுப்பினால் மருத்துவமனை தாங்காது. நான்கு சூழ்நிலைகளில் இதற்கு ஈடில்லை என்பது என் கருத்து.

முதலாவது, கதை ஒன்று சொல்ல, சோதனை வேறொன்று சொல்லும் நிலை. படுக்கையை உதறினால் தும்மல் வருகிறது. ஆனால் தோலிலும் இரத்தத்திலும் ஒன்றுமில்லை. முன்பெல்லாம் இத்தகையோருக்கு "உங்களுக்கு ஒவ்வாமை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் 1975ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஹகின்ஸ், பிராஸ்டாஃப் இருவரும், தோல் சோதனை எதிர்மறையாக இருந்த சிலரின் மூக்கு நீரில் தூசி உண்ணிக்கான ஐஜிஈ இருப்பதைக் காட்டினர். பின்னாளில் ஸ்பெயின் நாட்டு மாலகா நகர ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்து, 'உள்ளிட ஒவ்வாமை மூக்கழற்சி' என்ற தனி வகையையே நிலைநாட்டினர். எதிர்ப்பொருள் மூக்குச் சவ்விலேயே உற்பத்தியாகி அங்கேயே வேலை செய்கிறது. கையையோ இரத்தத்தையோ எட்டுவதில்லை. இவ்வகையை உறுதிசெய்யத் தூண்டல் சோதனையே அடிப்படை. பல ஆண்டுகளாக "எல்லாம் உன் மனப்பிரமை" என்று கேட்டுச் சலித்தவர்களுக்கு இந்த ஒரு முடிவு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, இதற்கு நேர்மாறான நிலை. தோலில் மூன்று நான்கு பொருள்களுக்குத் தடிப்பு; குற்றவாளி எது என்று தெரியவில்லை. மாத்திரையும் தெளிப்பு மருந்தும் மட்டும் போதும் என்றால் இது பெரிய சிக்கலன்று. எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான். ஆனால் ஒவ்வாப்பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடலைப் பழக்கும் 'எதிர்ப்புப் பழக்க சிகிச்சை' என்று ஒன்று உண்டு. 1911இல் லண்டனில் நூன் என்பவர் தொடங்கிவைத்த முறை அது. ஊசியாகவோ நாவின் கீழ் வைக்கும் மருந்தாகவோ, பொதுவாக மூன்றாண்டுகள் எடுத்துக்கொள்ள வேண்டும். தவறான பொருளைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாண்டுக் காலமும் பணமும் வீண். படித்து முடித்து முதல் சம்பளம் வாங்கும் ஓர் இளைஞருக்கு அது சிறிய தொகை அன்று. தொடங்கும் முன் மூக்கை ஒருமுறை கேட்டுவிடுவது அறிவுடைமை.

மூன்றாவது, வேலையிடத்து மூக்கழற்சி. ரொட்டித் தொழிற்கூடத்தில் மாவுத் தூசி, அறிவியல் ஆய்வுக்கூடத்தில் எலியின் சிறுநீர்ப் புரதம், மருத்துவமனையில் ரப்பர் கையுறை. ரப்பர் பாலிலுள்ள புரதங்கள் சிலருக்கு ஒவ்வாது. கையுறையில் தூவப்பட்ட மாவுத்தூள் அப்புரதங்களைச் சுமந்துகொண்டு காற்றில் பரவியதால், பல மருத்துவப் பணியாளர்கள் தும்மலுக்கும் ஆஸ்துமாவுக்கும் ஆளாயினர். இதையும் பிற கேடுகளையும் கருதி, 2017இல் அமெரிக்கா தூள் தூவிய மருத்துவக் கையுறைகளைத் தடை செய்தது. நம் பாட்டன் பாட்டிமார் பால்மரம் சீவி இந்த மண்ணில் காலூன்றினார்கள். அந்தப் பாலே பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கு மூக்கின் பகையாகலாம் என்பது வரலாற்றின் விநோதம். வேலையை மாற்றச் சொல்வதற்கு முன், உண்மையிலேயே அந்தப் பொருள்தான் காரணமா என்று உறுதிசெய்ய வேண்டியது மருத்துவரின் கடமை. ஒருவரின் பிழைப்பே அந்த முடிவைச் சார்ந்திருக்கிறது.

நான்காவது, ஆய்வு. ஒரு புதிய மருந்து வேலை செய்கிறதா என்பதை, மருந்துக்கு முன்னும் பின்னும் அதே அளவு ஒவ்வாப்பொருளைத் தெளித்துப் பார்த்து அறியலாம்.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

எந்தச் சோதனையும் முழுமையானதன்று. ஒரே ஒவ்வாப்பொருளை அடுத்தடுத்துச் சந்திக்கும் மூக்கு மேலும் மேலும் கூருணர்வு பெறுகிறது என்பதை 1960களின் இறுதியில் கானல் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். நேற்று தாங்கிய அளவை இன்று தாங்காது. ஆண்டு முழுவதும் தூசி உண்ணியோடு வாழும் நம்மவர்களின் மூக்கு, பெரும்பாலும் இப்படித் தீட்டி வைத்த கத்தியாகவே இருக்கும். அதனால் ஒருநாளில் ஒரு பொருளை மட்டுமே சோதிப்பதும், சோதனைகளுக்கிடையே போதிய இடைவெளி விடுவதும் வழக்கம். நேரம் அதிகம் பிடிக்கும். பயிற்சி பெற்றவர்கள் தேவை. தரப்படுத்தப்பட்ட கரைசல் எல்லாப் பொருள்களுக்கும் கிடைப்பதில்லை. இக்காரணங்களால் தோல் சோதனையைப் போல இது எல்லா மருத்துவமனைகளிலும் செய்யப்படுவதில்லை. பெரும்பாலும் சிறப்பு மையங்களோடும் ஆய்வுகளோடும் நின்றுவிடுகிறது.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்கள், கருவுற்றவர்கள், முன்பு கடும் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு ஆளானவர்கள், அண்மையில் மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இது கூடாது. அவசர மருந்துகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் மருத்துவமனையில், மருத்துவர் முன்னிலையில் மட்டுமே செய்யத்தக்கது. "பூனையை முகர்ந்து பார்க்கிறேன், தும்மல் வருகிறதா பார்ப்போம்" என்று விடுதி அறையில் யாரும் சோதனையில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று. தும்மல் வந்தாலே ஒவ்வாமை என்பதும் தவறு. ஊதுபத்திப் புகை, வாசனைத் திரவியம், மிளகாய் நெடி, குளிர்ந்த காற்று ஆகியவை மூக்கை எரிச்சலூட்டுபவை. அவற்றுக்கு ஐஜிஈ கிடையாது. 1997, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் நம்மைச் சூழ்ந்த புகைமூட்டமும் அத்தகையதே. அது ஏற்கெனவே புண்பட்ட மூக்கை மேலும் வருத்தும். ஆனால் அது ஒவ்வாப்பொருள் அன்று. வெறுந்தெளிப்புப் படி எவ்வளவு முக்கியம் என்பது இங்கே விளங்கும்.

விளம்பரங்களிலும் ஒரு கண் வைக்க வேண்டும். ஒரு துளி இரத்தத்தில் நூற்றுக்கணக்கான உணவுகளுக்கான ஒவ்வாமையைக் கண்டுபிடித்துத் தருவதாகக் கூறும் சோதனைகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் பல அளப்பது ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளை. நாம் உண்ணும் உணவுக்கு ஐஜிஜி உருவாவது இயல்பு. அது ஒவ்வாமைக்குச் சான்றன்று. ஒவ்வாமையைக் கண்டறிய அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் தெளிவாகவே கூறியுள்ளன.

மாணவர்கள் செய்யத்தக்கவை

மருத்துவரைக் காணும் முன் இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தும்மல், எந்த இடத்தில், எவ்வளவு நேரம், என்ன மருந்து எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். எந்தச் சோதனைக்கும் முந்தைய சோதனை இதுதான்.

மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் தூக்கம் தருபவை. தேர்வுக் காலத்தில் அவற்றைத் தவிர்த்து, தூக்கம் தராத புதிய வகையைக் கேளுங்கள். மூக்கடைப்பை நொடியில் நீக்கும் சொட்டு மருந்துகளைச் சில நாள்களுக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். தொடர்ந்து விட்டால் அம்மருந்தே மூக்கடைப்பை உண்டாக்கும். நீடித்த நோய்க்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு தெளிப்பு மருந்து அன்றே பலன் காட்டாது. நாள்தோறும் தவறாமல், நடுச்சுவரை நோக்காமல் சற்று வெளிப்புறமாகச் சாய்த்துத் தெளித்து வந்தால் சில நாள்களில் வேறுபாடு தெரியும்.

படுக்கை விரிப்பை வாரந்தோறும் துவையுங்கள். 60 பாகை வெந்நீர் தூசி உண்ணியைக் கொல்லும். ஆனால் விலையுயர்ந்த மெத்தை உறை ஒன்றை வாங்கிப் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், அத்தகைய உறைகள் தூசி உண்ணிப் புரதத்தைக் குறைத்தன; ஆனால் நோயாளிகளின் மூக்குத் தொல்லை குறையவில்லை.

நிறைவாக

தோல் சோதனை, இரத்தச் சோதனை, மூக்குத் தூண்டல் சோதனை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. முதல் இரண்டும் உணர்வேற்றத்தைக் காட்டுகின்றன. மூன்றாவது ஒவ்வாமையைக் காட்டுகிறது. இந்த இரு சொற்களையும் நாம் தமிழில் பிரித்துச் சொல்லப் பழகினாலே, "இரத்தத்தில் இருக்கிறதாம்" என்று கவலைப்பட்டு வேண்டாத பத்தியம் இருப்பவர்களும், "இரத்தத்தில் இல்லையாம்" என்று கைவிடப்பட்டு வருந்துபவர்களும் குறைவார்கள். வீட்டில் தாத்தா பாட்டிக்கும் தம்பி தங்கைக்கும் மருத்துவர் சொன்னதைத் தமிழில் விளக்கும் பொறுப்பு பெரும்பாலும் நம்மிடம்தான் வந்து சேர்கிறது. அப்படி விளக்கும்போது சொல் துல்லியமாக இருந்தால் சிகிச்சையும் துல்லியமாக அமையும்.

ஆண்டுக் கணக்கில் தும்மிக்கொண்டே படிப்பை முடிக்க வேண்டிய அவசியம் நம்மில் யாருக்கும் இல்லை. உங்கள் பல்கலைக்கழக மருந்தகத்தில் தொடங்குங்கள். அங்கே விடை கிடைக்காவிட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கடிதம் கேட்டுச் செல்லுங்கள். "எனக்குத் தோலில் ஒன்றும் காணவில்லை, ஆனால் மூக்கு ஓயவில்லை" என்று சொல்லத் தயங்காதீர்கள். அதை நம்பிக் கேட்டு, மேலும் ஆராய இப்போது மருத்துவத்தில் வழி இருக்கிறது.